ஹட்டனில் நான்கு சனிக்கிழமைகள்: ஒரு பெற்றோர் செயலமர்வு பற்றி

கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்காக இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனில் நடக்கும் ஒரு செயலமர்வுக்கு நானும் மனைவியும் எங்கள் 14 வயது மகனும் போய் வந்தோம். நான்கு சனிக்கிழமைகள், காலை 9 மணி முதல் 12 மணி வரை, குடும்பத்துக்கு 1,500 ரூபா. தேநீரும் பனிசும் அதற்குள் அடக்கம். சிறு வயதில் வாங்கிய அடி பதின்ம வயதில் என்ன செய்கிறது என்பதே முழுப் பேச்சும். போகலாமா என்று கேட்கும் உறவினர் ஒவ்வொருவருக்கும் விளக்கிக் களைத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாளே எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். உளவளத்துணையாளர் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்க ஆய்வாளர்களான எலிசபெத் கெர்ஷோஃப், ஆன்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் 75 ஆய்வுகளையும் அவற்றில் வந்த ஏறத்தாழ 160,000 பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியிட்டதிலிருந்து தொடங்கினார். வெறுங்கையால் பின்புறத்தில் அடிப்பதை, அதாவது ‘இதெல்லாம் ஒரு அடியா’ என்று நாம் கேட்கும் வகையை மட்டும் பிரித்தெடுத்து ஆராய்ந்தும், 17 விளைவுகளில் 13இல் தீமையோடு தொடர்பு தெரிந்திருக்கிறது: முரட்டுத்தனம், மனநலக் குறைபாடு, பெற்றோரோடு உறவு கசத்தல் என்று போகிறது அது. குழப்படி செய்கிற பிள்ளைதானே கூடுதலாக அடி வாங்கும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நானும் அதையே கேட்க இருந்தேன். ஆரம்பத்தில் ஒரே அளவு குழப்படி செய்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும், அடி வாங்கியவர்களின் குழப்படி பின்னாளில் கூடியதே தவிரக் குறையவில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

இரண்டாம் சனிக்கிழமைக்காகவே அந்த 1,500 ரூபாவைக் கொடுக்கலாம். பிள்ளைகளை அடுத்த அறைக்கு அழைத்துச் சென்று, வீட்டில் வாங்கிய அடிகளில் மறக்காத ஒன்றைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னார்கள். பிறகு அந்தத் தாள்களை எங்கள் முன்னால் வாசித்தார்கள். நான்காவது தாளில், ‘அடி வலிக்கவில்லை, அடிப்பதற்கான மிலாறை என்னையே போய் எடுத்து வரச் சொன்னதுதான் மறக்கவில்லை’ என்றிருந்தது. லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் செடியில் வெட்டி விறகுக்காகக் கட்டி வைத்திருந்த மிலாறுக் குச்சிகளில் மெல்லியதாக ஒன்றைத் தேடி என் மகன் நின்ற நேரம் எனக்கும் நினைவிருக்கிறது. அப்போது அவனுக்கு எட்டு வயது. என் அப்பா என்னையும் அப்படித்தான் அனுப்புவார். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் பாடசாலையைப் பற்றியது, அவசர அவசரமாக முடிந்தது. பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தையும், ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனுக்கு உயர்நீதிமன்றம் 2021இல் நட்டஈடு வழங்கியதையும் சொன்னார்கள். ஆனால் பிரம்போடு வகுப்புக்கு வரும் ஆசிரியரைப் பற்றி அதிபரிடம் போய் எப்படிப் பேச்செடுப்பது, அதன்பின் பிள்ளை அதே வகுப்பில் எப்படி உட்காருவது என்று கேட்டால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கையேட்டிலும் ஒரு குறை உண்டு. வீட்டிலும் பாடசாலையிலும் அடிப்பதைத் தடைசெய்த நாடுகளில் பதின்ம வயதினர் அடிக்கடி சண்டையிடுவது ஆண்களிடம் 31 சதவீதமும் பெண்களிடம் 58 சதவீதமும் குறைவு என்று, 88 நாடுகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. கையேடு அதையே ‘தடையால் சண்டை குறைந்தது’ என்று அச்சிட்டிருக்கிறது. அந்த ஒப்பீடு அவ்வளவு தூரம் சொல்லவில்லை. முதல் நாள் அத்தனை கவனமாகப் பேசியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

பெரிய குறை கிழமைதான். சனிக்கிழமை காலை தேயிலைக் கொழுந்து பறிக்க மலையில் நிற்கும் தாய் எப்படி வருவாள்? மண்டபத்தில் இருந்தவர்கள் என்னைப் போன்ற ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள். பறித்த கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்த நாளின் கோபம் மாலையில் யார் முதுகில் இறங்குகிறது என்பதைப் பற்றிப் பேசுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

கடைசி நாளில் கொடுத்த துண்டுப் பின்னூட்டப் படிவத்தில், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள், முடிந்தால் ஏதாவது ஒரு தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்திலேயே நடத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மாற்றினால் பொகவந்தலாவையில் கொழுந்தெடுக்கும் என் தங்கைக்கு நானே பணம் கட்டுவேன்.