ஆறாத சிவப்புத் திட்டு: கிரீமா, பயாப்சியா?

விதைப்பையில் ஒரு சிவந்த திட்டு. அரிப்பு, ஓரத்தில் கொஞ்சம் செதில். பார்த்தால் படர்தாமரை, இல்லாவிட்டால் எக்ஸிமா. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதனால் முதலில் கிரீம் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதே கிரீம் மாதக்கணக்கில் ஓடுவதுதான் ஆபத்து.

விதைப்பையில் அரிதாக வரும் பேஜட் நோயும் (தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) அச்சு அசல் இப்படியே இருக்கும். ராட்கிளிஃப் குரோக்கர் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் இதை 1889-லேயே எழுதிவைத்தார். இன்றும் பிடிபட வருடக்கணக்கில் ஆகிறது. காரணம் ஸ்டீராய்டு கிரீம். போட்டால் அரிப்பு அடங்கும், ‘மருந்து கேட்கிறது’ என்று தோன்றும். விட்டதும் திட்டு பழைய இடத்திலேயே நிற்கும், சற்றுப் பெரிதாக.

சரி, அனுபவமுள்ள கண் போதாதா? ஆண்குறி மொட்டில் அதுவும் தடுமாறும். பளபளவென்று ஈரச் சிவப்பாக இருந்தால் ஸூன் அழற்சி. அது புற்றுநோய் அல்ல. வெல்வெட் துணி போன்ற சிவப்பு என்றால் கெய்ரா நோய். மேல்தோலோடு நிற்கிற புற்றுநோய், விட்டால் ஆழமாக இறங்கக்கூடியது. புத்தகத்தில் படிக்க வித்தியாசம் தெளிவு, நேரில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும், தீர்ப்புச் சொல்லாது. சுரண்டிப் பார்க்கும் சோதனை பூஞ்சையைத்தான் காட்டும்.

என் ஓட்டு பயாப்சிக்கு, அதாவது திட்டிலிருந்து துணுக்கு எடுத்து லேபில் சோதிப்பதற்கு. நாலு முதல் ஆறு வாரம் சரியான சிகிச்சைக்கு மசியாத திட்டு என்றால் இன்னொரு டியூப் வேண்டாம். இடம் அப்படி என்பதால் ஆண்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் செய்வது இவ்வளவுதான்: மரத்துப்போக ஊசி, பேனா மாதிரி பிடியின் நுனியில் 4 மி.மீ. வட்டக் கத்தி, ஒரு சுழற்று, சின்னத் துணுக்கு. இதுதான் பஞ்ச் பயாப்சி. மேலாகச் சீவி எடுப்பதைவிட இதுவே மேல். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது சீவலில் தெரியாமல் போகலாம்.

பஞ்ச் பயாப்சிக்கும் ஒரு குறை உண்டு. எடுத்த இடம் தவறினால் ‘சாதாரண அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். திட்டு ஆறவில்லையென்றால் வேறு இடத்தில் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். பேஜட் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் பரவியிருக்கும் என்பதால், அதற்குச் சுற்றிலும் பல துணுக்குகள் எடுப்பதுண்டு. சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினால் லேபில் சிகே7 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். பேஜட் செல்கள் பொதுவாக அதில் நிறம் பிடிக்கும். பேஜட் உறுதியானால் அப்புறம் புராஸ்டேட், சிறுநீர்ப்பை, பெருங்குடல் மூன்றையும் பார்க்க வேண்டும், சில சமயம் முதலில் தொடங்கிய புற்று அங்கே இருக்கும்.