வளனா, யாத்திரிகனா?

திருகோணமலை டச்சுக்குடாக் கரையில் கச்சான் கொறித்தபடி மருமகள் கேட்டாள்: “மாமா, தேம்பாவணியா, இரட்சணிய யாத்திரிகமா, எதை முதலில் எடுக்க?”

இரண்டும் தமிழில் எழுந்த கிறிஸ்தவக் காப்பியங்கள். தேம்பாவணி விவிலியத்திலிருந்து புறப்படுகிறது. நற்செய்திகளில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அந்த மௌனத்தை வைத்தே வீரமாமுனிவர் 3615 பாடல்கள் கட்டிவிட்டார்! சூசைக்கு வளன் என்று பெயர். யூதேயாவுக்கும் நம் காப்பியங்களைப் போல நாட்டுப் படலம், நகரப் படலம். நீர் பாய்ந்து வயல் விளையும் அந்த யூதேயா எனக்குக் கந்தளாயை நினைவூட்டும். உண்மையான யூதேயாவுக்குப் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். சரி, சிரிக்கட்டும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வந்தது சுற்றுவழியில். விவிலியம் 1678இல் ஜான் பனியன் மோட்சப் பயணத்தை உருவகமாகச் சொன்ன ஆங்கிலக் கதைக்குள் புகுந்து, அங்கிருந்து 1894இல் தமிழ்க் காப்பியமானது. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர் அவர். சிலுவைப்பாட்டைச் சொல்லும்போது மொழி உருகிவிடும். உருவகப் பயணம் மட்டும் இடையிடையே இழுக்கும்.

தேம்பாவணி எனக்கே உரையில்லாமல் நகராது. இவளோ கம்பராமாயணத்தில் மயங்கியவள். ஆகவே யாத்திரிகத்தைத்தான் கையில் கொடுத்தேன். வளனை மாரிகாலத்தில் இருவரும் சேர்ந்து படிப்பதாகப் பேச்சு.