காசநோய் மாத்திரை: காப்பகத்திலா, நடைபாதையிலா?

சென்னை பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துபவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், வழக்கமான சிகிச்சைக்கே 6 மாதம் விடாமல் மாத்திரை போட வேண்டும். எங்கே வைத்துக் கொடுப்பது?

மாநகராட்சிக் காப்பகத்தில் கூரை உண்டு, சாப்பாடு உண்டு, மாத்திரையும் மழையில் நனையாது. ஆனால் காற்றில் பரவும் நோய். வரிசையாகப் பாய் போட்ட கூடத்தில் முதல் சில வாரம் ஆபத்துதான். அப்புறம், பெரும்பாலான காப்பகங்கள் ஆண், பெண் என்று தனித்தனி. பூக்கட்டும் மனைவியையும் பிள்ளைகளையும் தெருவில் விட்டுவிட்டு எவர் போய்ப் படுப்பார்?

தெருவுக்கே மருந்தைக் கொண்டுபோனால் பிழைப்பு கெடாது, குடும்பத்துக்கே சேர்த்துச் சளிப் பரிசோதனை செய்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில். மாத்திரைப் பட்டை துணிமூட்டைக்குள் கிடக்கும். நடைபாதையைத் தோண்டினால் ஆளே இடம் மாறிவிடுவார். அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். அது இல்லாதவர்தான் அதிகம் பட்டினி கிடப்பவர்!

குடும்பஸ்தர் என்றால் என் ஓட்டு தெருவுக்கே. எழுந்து நடக்கவே தெம்பில்லாத தனியாளா? முதலில் ஆஸ்பத்திரி, தேறியதும் காப்பகம்.