ஒன்றரை வருட ஸ்பானிஷ்: தமிழ் கைகொடுத்த இடமும் கைவிட்ட இடமும்

ஒரு செயலி, ஒரு நோட்டு, தினமும் அரை மணி நேரம். ஒன்றரை வருடமாக இப்படித்தான் ஸ்பானிஷ் படிக்கிறேன். முதல் நாலு மாதம் ஏறக்குறைய வீண். செயலி எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே விளக்கியது. நானும் ஆங்கிலத்தை நடுவில் வைத்தே யோசித்தேன்.

'மே குஸ்தா' வந்தபோதுதான் விழித்துக்கொண்டேன். 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு அங்கே இதுதான். 'நான்' கிடையாது, 'எனக்கு'தான். செயலியோ இதைத் தலைகீழ் வாக்கியம் என்று பயமுறுத்தி மூன்று பாடம் நடத்தியது. நமக்கு இதில் தலைகீழ் ஏது? பிடித்த பொருள் பன்மையாக இருந்தால் 'மே குஸ்தான்' என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வினைச்சொல்லும் நம் வழிதான். பேசுகிறேன் 'ஆப்லோ', பேசுகிறாய் 'ஆப்லாஸ்', பேசுகிறோம் 'ஆப்லாமோஸ்'. விகுதியிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் 'நான்', 'நீ' எல்லாம் தேவையில்லை. நாமும் நாங்களும் ஒன்றுதான், அது ஒரு நிம்மதி. 'தூ' என்றால் நீ, மரியாதைக்கு 'உஸ்தெத்'. ஆனால் உஸ்தெத்துக்கு 'அவன் பேசுகிறான்' என்பதற்குரிய 'ஆப்லா'தான் வரும். இதில் இன்னும் தடுமாறுகிறேன். அப்புறம் 'சு காசா' என்பது அவன் வீடா, அவள் வீடா, அவர்கள் வீடா, உங்கள் வீடா? நாலுமேதான்.

தமிழ் கைவிட்டது பெயரடையில். நமக்கு வீடு ஒன்றோ பத்தோ, வெள்ளை வெள்ளைதான். அங்கே 'காசா பிளாங்கா', 'காசாஸ் பிளாங்காஸ்'. புத்தகம் ஆண்பாலாம், அதனால் 'லீப்ரோ பிளாங்கோ'. 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்று நம்பினால் 'எல் ப்ரோப்ளேமா' ஆண்பாலாக வந்து நிற்கும். 'ஓ'வில் முடிகிற கை, 'லா மானோ', பெண்பால். வெறும் சொற்களை மட்டும் எழுதியிருந்த முதல் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆண்பாலுக்கு எல், பெண்பாலுக்கு லா என்று முன்னால் சேர்த்துப் புதிதாக எழுதினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

செர், எஸ்தார் இரண்டுக்கும் 'இரு' என்றே பொருள் எழுதி வைத்திருந்தேன். பேச்சுப் பயிற்சியில் ஒருநாள், போரடிக்கிறது என்று சொல்ல நினைத்து 'சோய் அபுர்ரீதோ' என்றேன். 'நான் ஒரு போர் ஆசாமி' என்று ஆகிவிட்டது. எதிரே இருந்தவர் மறுக்கவும் இல்லை. 'சோய்' செர் வினையின் வடிவம். எஸ்தாரிலிருந்து வரும் 'எஸ்தோய்' என்றிருக்க வேண்டும்.

இப்போது செயலி சொற்களை ஒப்பிக்க மட்டும். நோட்டில் இறந்தகாலம் ஓடுகிறது. பேசினேன் 'ஆப்லே', சரி. பழைய வழக்கத்தைச் சொல்ல 'ஆப்லாபா'. நாம் 'சின்ன வயதில் தினமும் பேசுவேன்' என்போம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் எதிர்கால வடிவத்தை எழுதிவிட்டு அடித்துக்கொண்டிருக்கிறேன்.