வடசென்னை மழைச்சேற்றுக்கு எந்த டயர்: ஆல் சீசனா, ஆல் டெரெய்னா?

ஐப்பசி மழை தொடங்கியதும் திருவொற்றியூரிலும் மணலியிலும் கார் வைத்திருப்போரிடையே ஒரு கேள்வி எழும். பக்கச்சுவரில் ‘எம்+எஸ்’ என்று பொறித்த, எல்லாப் பருவத்துக்குமான ஆல் சீசன் டயரே சேற்றுக்குப் போதுமா, அல்லது பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) கொண்ட, மண்பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயருக்கு மாற வேண்டுமா?

‘எம்+எஸ்’ என்பது சேற்றையும் பனியையும் குறிக்கும் எழுத்துகள்தான். ஆனால் சேற்றில் சோதித்து அல்ல, பட்டன்களின் அமைப்பை வைத்தே அந்தக் குறி இடப்படுகிறது. சில டயர்களில் காணப்படும், மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரைக்குப் பனியில் சோதனை உண்டு. எனினும் அதுவும் சேற்றுக்குச் சான்றாகாது. குளிர்நாடுகளில் பட்டன் இடுக்கில் பனி அடைத்துக்கொள்வது நன்மையே, ஏனெனில் பனி பனியைப் பற்றிக்கொள்ளும். பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் இருப்பதும் பெரும்பாலும் இந்தப் பிடிமானத்துக்காகத்தான். களிமண்ணோ இடுக்கில் அடைந்துவிட்டால் வழுக்கத்தான் செய்யும்.

சென்ற கார்த்திகையில் மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு காலிமனையில் காரை நிறுத்திவிட்டு, மழைக்குப் பின் எடுக்க முயன்றபோது இதைக் கண்ணால் கண்டேன். முன்சக்கரம் நான்கைந்து முறை சுழன்றதும் பள்ளங்கள் அனைத்திலும் களிமண் அப்பி, நான்கு மாதமே ஓடிய ஆல் சீசன் டயர் மொட்டை டயராகக் காட்சியளித்தது. செங்கல் துண்டுகளை அடியில் கொடுத்த பிறகே கார் நகர்ந்தது. ஆல் டெரெய்ன் டயரில் இடைவெளி அகலமாக இருப்பதால் சக்கரம் சுழலும் வேகத்திலேயே சேற்றின் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். தோள்பகுதிப் பட்டன்களும் மண்ணைக் கடித்துப் பிடிக்கும்.

ஆனால் நம் பகுதியில் அன்றாடம் சந்திக்கும் சேறு வேறு வகை. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலைகளிலும் கன்டெய்னர் லாரிகள் இழுத்துவரும் மண், மழைநீரில் குழைந்து தாரின் மேல் விரற்கனம்கூட இல்லாத குழம்பாகப் படிகிறது. அதை விலக்கி ரப்பர் தாரைத் தொட வேண்டும் என்பதே இங்கே தேவை. அதற்கு ஆல் சீசன் டயரின் நெருக்கமான பட்டன்களும் நீரை வெளியேற்றும் நீள்பள்ளங்களுமே ஏற்றவை. ஆல் டெரெய்னின் உயர்ந்த, தனித்தனிப் பட்டன்கள் பிரேக் பிடிக்கையில் நெளிகின்றன. ஈரத்தாரில் கார் நிற்கும் தூரம் பொதுவாகக் கூடுகிறது. எடையும் இரைச்சலும் அதிகம், மைலேஜும் குறையும். லாரிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு அந்தச் சில அடி தூரம் உயிர்ப்பிரச்சினை என்பதால் இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன்.

குளிர்காலத்துக்கென்றே செய்யப்படும் டயரை இங்கே பேச வேண்டியதில்லை. 7 டிகிரிக்குக் கீழே இறுகாமலிருக்கச் செய்த அந்த மென்ரப்பர், மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டியிருக்கும் சென்னையில் விரைவில் தேய்ந்துவிடும்.

வகையைவிடப் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் முக்கியம். புதிய கார் டயரில் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவு 1.6. இந்த எல்லையைக் காட்டவே பள்ளத்துக்குள் வைத்திருக்கும் சிறு மேடுகள் பட்டனோடு சமமாகும்வரை காத்திராமல், 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மழைக்கு முன் மாற்றிவிடுவது நல்லது.

ராயபுரம் முதல் மணலிவரை தார்ச்சாலையிலேயே ஓடும் காருக்கு ஆல் சீசனே என் தேர்வு. மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் தார் போடாத தெருவில் வீடு இருந்து, எஸ்யூவியும் வைத்திருப்பவர் ஆல் டெரெய்ன் வாங்கலாம். ஈரத்தாரில் மட்டும் முன்வண்டியோடு கூடுதல் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கியிருக்கும்போது இரண்டில் எந்த டயரை நம்பியும் இறங்கக் கூடாது.