எண்ணிய பிறகே குறடு எடுத்தவர்கள்: சேலத்துப் பல் மருத்துவமனை ஒன்றைப் பற்றி

என் மகளுக்கு வாயிலும் தாடை எலும்புக்குள்ளுமாகச் சேர்த்து 53 பற்கள் இருக்கின்றன என்பது அவளுடைய பதினோராவது வயதில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் மேல்வரிசையில் முன்பல்லே இல்லாமல்தான் அவள் பள்ளிக்குப் போய் வந்தாள். இந்த இரண்டும் ஒரே குழந்தையிடம் எப்படி இருக்க முடியும் என்பதை எங்களுக்குப் புரியும்படி முதன்முதலில் விளக்கியவர்கள், சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் முதல் மாடி ஒன்றில் இயங்கும் பல் மருத்துவமனையினர். 2022 ஜனவரி முதல் ஏற்காட்டிலிருந்து இறங்கி அங்கே சென்று வருகிறோம். குறைகளையும் சேர்த்தே எழுதப் போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

மகளுக்கு இருப்பது கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா என்னும் பிறவி எலும்பு வளர்ச்சிக் குறைபாடு. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தோளை மார்போடு இணைக்கும் காறை எலும்பு முழுமையாக வளராது, அல்லது இருக்கவே இருக்காது. உச்சிக்குழி மூடப் பல ஆண்டுகள் ஆகும், சிலருக்கு மூடாமலே இருந்துவிடும். நெற்றி அகன்று முன்தள்ளியிருக்கும். உயரம் சற்றுக் குறையும். ஆறாவது குரோமோசோமில் உள்ள ரன்எக்ஸ்2 மரபணுவின் மாற்றமே காரணம் என்று 1997-இல் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எங்களைப் போல, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் ஒரு குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. இதைச் சொல்லக் காரணம், யார் வழி வந்தது என்று உறவினர் வீடுகளில் நடந்த விசாரணை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அறிவுக்கோ ஆயுளுக்கோ இதனால் குறைவில்லை. நாளும் தொல்லை தருவது பல்தான். பால் பற்கள் ஒழுங்காக முளைத்துவிடும், ஆனால் விழாது. நிலைப்பல் வெளியே வர வேண்டுமானால் அதன் மேலிருக்கும் எலும்பு கரைந்து வழிவிட வேண்டும். இவர்களுக்கு அந்தக் கரைதல் மந்தம். போதாததற்கு, கணக்கில் இல்லாத கூடுதல் பற்கள் எலும்புக்குள் உருவாகி, வர வேண்டிய பல்லை மறித்துக்கொண்டு படுத்திருக்கும்.

இது தெரியாமல் நடந்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மகளுக்கு எட்டு வயதானபோது வேறொரு மருத்துவரிடம், பால் பல் விழவில்லையே என்று காட்டினோம். அவர் முன்பக்கம் மட்டும் சின்ன எக்ஸ்ரே ஒன்றை எடுத்துப் பார்த்து, புதுப்பல்லுக்கு இடம் கொடுப்போம் என்று மேல் முன்பற்கள் நான்கையும் பிடுங்கினார். சாதாரணக் குழந்தைக்கு அது சரியான வைத்தியமாகவே இருந்திருக்கும். இந்தக் குறைபாட்டில் பால் பல்லைப் பிடுங்குவதால் மட்டும் நிலைப்பல் வந்துவிடுவதில்லை. அந்த மூன்று ஆண்டுப் பள்ளிப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் மகள் உதட்டை இறுக மூடியே நிற்கிறாள். பிறகு பார்த்த இன்னொருவர், இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் பல் செட் கட்டி, பதினெட்டு வயதுக்குமேல் எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளாண்ட் வைக்கலாம் என்றார். பத்து வயதுக் குழந்தைக்குப் பல் செட் என்று கேட்டதும் என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஃபேர்லேண்ட்ஸ் மருத்துவமனையில் முதல் நாள் நடந்ததை விரிவாகவே சொல்லலாம். பல் சீரமைப்பு மருத்துவர் மகளை நாற்காலியில் சாய்ப்பதற்கு முன், "உச்சிக்குழி மூடிவிட்டதா அம்மா?" என்று என்னைக் கேட்டார். பதினொரு ஆண்டுகளில் எந்தப் பல் மருத்துவரும் கேட்காத கேள்வி அது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மென்மையாக இருக்கிறது என்றேன். உடனே தலைவைக்கும் இடத்தில் ஒரு துண்டை வளையமாகச் சுற்றி வைக்கச் சொன்னார். அடுத்து மகளிடம், "கண்ணு, ரெண்டு தோளையும் முன்னாடி கொண்டு வா, பாக்கலாம்" என்றார். அவள் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு தோள்களையும் கிட்டத்தட்ட ஒட்டிக் காட்டினாள். அன்று வாய்க்குள் எந்தக் கருவியும் போகவில்லை. முழுத்தாடைக்கான ஓ.பி.ஜி. எக்ஸ்ரேவும், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனும் எடுத்து வரச் சொன்னார். காதுகேட்கும் திறனைச் சோதிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமும் அனுப்பினார். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காதிலும் சைனஸிலும் அடிக்கடி தொற்று வரும் என்பதும், அது கேட்கும் திறனைக் குறைக்கக்கூடும் என்பதும் எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்திகள்.

ஸ்கேன் வந்த பிறகு அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கணக்கு எழுதினார். எஞ்சியிருந்த பால் பற்கள் 16. தானாக முளைத்திருந்த கடைவாய்ப் பற்கள் 4. உள்ளேயே இருந்த நிலைப்பற்கள் 24. கூடுதல் பற்கள் 9. எதை முதலில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது, எது எந்த வயதில் என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறிப்பு எழுதி, பிரதி ஒன்றை எங்களிடம் தந்தார். அந்தத் தாள் இன்றும் எங்கள் கோப்பின் முதல் பக்கமாக இருக்கிறது.

இதற்கு உலக அளவில் மூன்று முறைகள் பேசப்படுகின்றன. டொராண்டோ–மெல்போர்ன் முறையில் பல சிறு அறுவைகளாகப் படிப்படியாகச் செய்வார்கள். பெல்ஃபாஸ்ட்–ஹாம்பர்க் முறையில் எல்லாவற்றையும் ஒரே அறுவையில் முடிப்பார்கள். ஜெருசலேம் முறையில் இரண்டு அறுவைகள். இவர்களுடைய நிலைப்பல் வேர் வளர்ச்சி வயதைவிடச் சில ஆண்டுகள் பின்தங்கியிருக்கும் என்பதால், வேர் போதுமான அளவு வளரும்வரை காத்திருந்து இழுப்பதே நல்லது என்று மூன்றாவது முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றையும் சொல்லி, எங்களுக்கு ஏன் இது என்று காரணமும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்க நடிகர் கேட்டன் மட்டராசோவுக்கும் இதே குறைபாடுதான் என்றும், 2020-இல் ஒரே அறுவையில் அவருக்குக் கூடுதல் பற்கள் 14 எடுக்கப்பட்டன என்றும் மகளிடம் சொன்னதும் அந்தப் பல் சீரமைப்பு மருத்துவரே. உனக்கு ஒன்பதுதானே என்றார். அதன் பிறகு அவள் அழவில்லை.

முதல் அறுவை 2022 மே மாதம், கோடை விடுமுறையில் நடந்தது. கிளினிக்கில் செய்ய முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றில் ஏற்பாடு செய்தார்கள். மேலண்ணம் உயர்ந்து குறுகியிருப்பதால் மயக்க மருந்தின்போது மூச்சுக்குழாய் செருகுவது சிரமமாகலாம் என்று, மயக்க மருந்து மருத்துவர் ஒரு வாரம் முன்பே மகளைப் பார்த்து, தூக்கத்தில் குறட்டை உண்டா என்பதுவரை கேட்டறிந்தார். ஒன்பது கூடுதல் பற்களையும் கீழ் முன்பக்கப் பால் பற்கள் நான்கையும் எடுத்து, உள்ளே புதைந்திருந்த எட்டு வெட்டுப்பற்களின் மேலும், பிறகு கிளிப் கம்பியோடு சேர்த்து வெளியே இழுப்பதற்காக மெல்லிய சங்கிலி ஒட்டினார்கள். இரண்டு இரவு சேலத்திலேயே இருக்கச் சொன்னதால் அம்மாப்பேட்டையில் நாத்தனார் வீட்டில் தங்கி, கேழ்வரகுக் கூழும் ஆறிய ரசமுமாக ஓட்டினோம்.

அழகுக்கான வேலை என்று பார்த்தால், நான் அதிகம் மெச்சுவது விலையுயர்ந்த எதையும் அல்ல. இழுக்கும் பல் வெளியே வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும், கிளிப் கம்பியிலேயே நான்கு பிளாஸ்டிக் பற்களைக் கோத்து மாட்டிவிட்டார்கள். மாதந்தோறும் உள்ளிருக்கும் பல் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால், அதற்கு ஏற்றாற்போல் பொய்ப்பல்லின் ஈறுப் பக்கத்தை அரைத்துக் குறைப்பார்கள். மெய்ப்பல் வளர வளரப் பொய்ப்பல் தேய்ந்து, கடைசியில் நகத்துணுக்கு அளவில் எஞ்சியதை மகள் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். ஏழாம் வகுப்புப் புகைப்படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிறுத்து வந்த பக்கப்பற்கள் இரண்டுக்கும் பல் நிறப் பசை பூசி வடிவம் கொடுத்தது பிறகு நடந்த சிறு வேலை, நன்றாகவே இருக்கிறது.

நெற்றியைச் சரிசெய்ய முடியுமா என்று உறவினர் ஒருவரின் தூண்டுதலால் நான்தான் கேட்டேன். முக-தாடை அறுவை மருத்துவர், வளர்ச்சி முடியும் முன் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், முடிந்த பிறகும் மகள் கேட்டால் பேசலாம் என்று சொல்லிவிட்டார். பணம் வரும் வேலையை வேண்டாம் என்று சொன்ன மருத்துவர் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். மகள் கேட்டதெல்லாம் நொறுக்கல் எப்போது சாப்பிடலாம் என்பதுதான். கிளிப் இருக்கும்வரை தட்டுவடை, முறுக்கு, கரும்பு மூன்றும் கூடாது என்று அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். சேலத்துக்குப் போய்விட்டுத் தட்டுவடை செட் சாப்பிடாமல் மலையேறுவது எவ்வளவு கொடுமை என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருந்தபோது, கம்பியின் நுனி விலகி மகளின் கன்னத்தைக் குத்தத் தொடங்கியது. மருத்துவரே காணொளி அழைப்பில் வந்து, கொடுத்து வைத்திருந்த மெழுகை எப்படி உருட்டி, ஈரத்தைத் துடைத்துவிட்டு எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினார். அந்த அழைப்புக்குக் கட்டணம் கேட்கவில்லை.

இனி குறைகள். காத்திருக்கும் நேரம் பொறுக்க முடியாதது. பதினொரு மணிக்கு நேரம் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கு அழைப்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்த களைப்போடு குழந்தை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். வரவேற்பில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு முறையும் நோயின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. செலவு மதிப்பீட்டில் மயக்க மருந்து மருத்துவரின் கட்டணமும் சங்கிலிகளின் விலையும் இல்லை. அறுவைக்கு முதல் நாள் மாலைதான் சொன்னார்கள். அன்றிரவு நகைக்கடன் ஏற்பாடு செய்ய முடியாமல் என் தம்பியிடம் கைமாற்று வாங்கினோம். இதை மருத்துவரிடம் நேரில் சொன்னோம். 2025 மே மாதம் நடந்த இரண்டாவது அறுவைக்கு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மாடிக்கு லிப்ட் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் மட்டும் அவர்கள் எதிர்பாராத உதவி செய்தார்கள். காப்பீட்டு நிறுவனம் இதை அழகு சிகிச்சை என்று சொல்லி முதலில் மறுத்துவிட்டது. மெல்ல முடியாத குழந்தைக்கு மெல்லும் பல் வரவழைப்பது எந்த வகை அழகு என்று எனக்கு விளங்கவில்லை. மருத்துவர் ஸ்கேன் படங்களை இணைத்து, இது பிறவி எலும்புக் குறைபாட்டின் விளைவு என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதித் தந்த பிறகு, அறுவைக்கான மருத்துவமனைச் செலவில் ஒரு பகுதி கிடைத்தது. கிளிப்புக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

வெறும் பல் சுத்தம் செய்யவோ, சொத்தை அடைக்கவோ இவ்வளவு காத்திருந்து இங்கே போக வேண்டியதில்லை. பால் பல் விழாத, தோள் இரண்டும் முன்னால் ஒட்டுகிற குழந்தை உங்கள் வீட்டிலும் இருந்தால், யாரிடம் போனாலும் முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்து எண்ணிப் பார்க்காமல் ஒரு பல்லையும் பிடுங்க விடாதீர்கள். மகளுக்கு இரண்டாவது அறுவையில் மீதிப் பால் பற்கள் 12 எடுக்கப்பட்டு, கோரைப்பற்களும் முன்கடைவாய்ப் பற்களுமாக 12 பற்களுக்குச் சங்கிலி மாட்டப்பட்டது. அவற்றில் ஏழு ஈறுக்கு வெளியே தெரிகின்றன. கீழே இடப்பக்கம் ஒன்று மட்டும் அசையாமல் இருக்கிறது. பொங்கல் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.