வெயிலும் ஆகாது, பாலும் ஆகாது: வைட்டமின் டி-க்கு எதுதான் வழி?

ரத்தப் பரிசோதனைத் தாளில் வைட்டமின் டி-க்கு நேராக 11 (ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்) என்று இருந்தது. 20-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று பக்கத்திலேயே குறிப்பு. உடனே எல்லோரும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னார்கள்: தினமும் கொஞ்சம் வெயிலில் நில்லுங்கள், பால், மீன், முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கால் மணி நேரம் நின்றால் என் முன்கை முழுவதும் சிவந்து தடித்துவிடும். மீனை வாயில் வைத்தால் உதடு வீங்கும். பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். கடைசியில் மிஞ்சியது முட்டைதான். ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட் (IU) டி இருக்கும். 70 வயது வரையிலான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் தேவை, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800. அதாவது எனக்குத் தினம் பதினைந்து முட்டை!

சரி, ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிடுவோம்.

தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர். வெயில் ஒவ்வாமை பலவற்றைக் கிளப்பிவிடுவது புற ஊதா ஏ கதிர். ஜன்னல் கண்ணாடி பி-யைத் தடுத்துவிடும், ஏ-யைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். இது தெரியாமல், வெளியே போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாதி பலனாவது கிடைக்கும் என்று நான் பல மாதம் உட்கார்ந்திருந்தேன். தடிப்பு வந்தது, டி வரவில்லை.

வெயில் ஆகாது என்பதிலும் பல வகை உண்டு. உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ் இருந்தால் தோல் மட்டுமல்ல, நோயே மூண்டுகொள்ளலாம். ரத்தத்தின் ஹீம் என்ற பொருள் சரியாக உருவாகாத சில போர்ஃபிரியா நோய்களில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே எரிச்சலைக் கொடுக்கும். டாக்சிசைக்ளின் (நுண்ணுயிர்க்கொல்லி), ஹைட்ரோகுளோரோதயசைடு (ரத்த அழுத்தத்துக்கு) போன்ற மாத்திரைகளாலும் தோல் வெயிலுக்குக் கூசும். புதிதாகத் தொடங்கிய மாத்திரைக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை வந்தது என்றால் முதலில் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லேசான ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதும் உண்டு, ஆனால் அது மருத்துவர் பார்வையில் நடக்க வேண்டியது.

வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதா விளக்கு என்றால், அதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் பாதரச விளக்கொளியைக் காட்டியே எலும்பு மெலிந்து வளையும் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைத் தேற்றினார் என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் உள்ள அதே கதிர்தான் விளக்கிலும் வருகிறது. வெயிலுக்குப் பயப்படுகிற தோல் விளக்குக்கும் பயப்பட வேண்டும். தோலைக் கறுக்கவைக்கும் விளக்குப் படுக்கைகளில் (டேனிங் பெட்) இருப்பதோ பெரும்பாலும் ஏ கதிர், கூடவே புற்றுநோய் அபாயமும் சேர்ந்து வரும்.

சாப்பாட்டில் கொழுப்புள்ள மீன்தான் முன்னணி. ஒரு துண்டு சால்மனிலேயே ஒரு நாள் தேவை ஏறக்குறைய கிடைத்துவிடும். மீன் ஒவ்வாமை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். பாலில் இரண்டு பிரச்சினைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்கள், லாக்டோஸ் நீக்கிய, டி சேர்த்த பாலைக் குடிக்கலாம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது, சோயா அல்லது ஓட்ஸ் பால்தான். எதுவானாலும் ஒரு கோப்பையில் சுமார் 100 முதல் 150 யூனிட்தான், அதுவும் டி சேர்த்ததென்று அட்டையில் போட்டிருந்தால்.

எனக்குப் பிடித்துப்போனது காளான். இருட்டில் வளர்ந்த காளானில் டி ஏறக்குறைய இல்லை. அதை நறுக்கி நண்பகல் வெயிலில் கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் 100 கிராமில் 400 யூனிட் அளவுக்குச் சேரக்கூடும். நமக்குப் பதிலாகக் காளான் வெயில் காய்கிறது! ஒரே குறை, அதில் இருப்பது டி2 என்ற வகை. ரத்த அளவை ஏற்றி நிலைக்க வைப்பதில், நம் தோல் உண்டாக்கும் வகையான டி3-தான் மேல். அளவும் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஆக, இரண்டு பக்கமும் கதவு மூடியவர்களுக்கு மாத்திரையோ சொட்டு மருந்தோதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. தொல்லை கொடுப்பது பெரும்பாலும் வைட்டமின் அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வருவது. நான் வாங்கப்போன முதல் பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் டி3. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், மீன் கல்லீரல் எண்ணெய். அப்படியே அலமாரியில் திருப்பி வைத்துவிட்டேன். அந்த எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் நிறைய இருக்கும் என்பதால் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும்.

மென்மையான கேப்சூல் என்றால் உறை ஜெலட்டின், சில சமயம் மீனிலிருந்தே எடுத்தது. உள்ளே சோயா எண்ணெயோ நிலக்கடலை எண்ணெயோ இருக்கலாம். கெட்டி மாத்திரையில் லாக்டோஸ் நிரப்பியாக இருக்கலாம். பெரும்பாலான டி3 ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருகிறது, சைவத்துக்கு, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து எடுத்தது உண்டு. என் பார்வையில் எண்ணெய்ச் சொட்டுதான் எளிது, சேர்மானப் பட்டியல் இரண்டு மூன்று பெயரோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு பாட்டிலில் ஒரு சொட்டுக்கு 400 யூனிட், இன்னொன்றில் 1,000 என்று மாறும். குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

தினமும் கொஞ்சமா, மொத்தமாகப் பெரிய அளவா? நான் தினசரி கட்சி. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் எடுத்துக்கொண்ட முதிய பெண்களுக்குக் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, கூடியது. மருத்துவர் சொன்னாலன்றி நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. வெயிலால் டி மிகையாவதில்லை, மாத்திரையால் ஆகும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், குழப்பம் வரும். சிறுநீரகக் கல், சார்கோய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிக் கட்டிகள் தோன்றும் நோய்) உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். கோதுமைப் புரதம் ஆகாத சீலியாக் நோய் இருந்தால் குடல் டி-யை உறிஞ்சாமலே விடலாம். அப்போது எவ்வளவு விழுங்கியும் எண் நகராது, குடலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மருத்துவரைக் கேட்டு நான் எடுத்துக்கொள்வது லைக்கன் டி3, ஆலிவ் எண்ணெயில் கரைத்தது, நாளுக்கு 1,000 யூனிட். இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் வெறும் வயிற்றில் இல்லை, மதியச் சாப்பாட்டோடு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 27. காளான் மட்டும் இன்னும் ஜன்னலுக்கு வெளியே காய்கிறது, ருசிக்காக.